கீழ்த்தட்டு ஒயின்

முழங்கால் இரண்டும் சொடக்குப் போட, துணிப்பையைத் தரையில் விரித்து, அதன் மேல் குந்தி உட்கார்ந்துதான் மாஸ்டர் ஒயின் வாங்குவார். கடையின் கண்ணாடி அலமாரியில் ஐந்து தட்டுகள். கண் மட்டத்தில் நிற்கும் பாட்டில்களுக்குத் தங்க எழுத்து, கோட்டைப் படம், தனி விளக்கு என்று சகல மரியாதைகளும் உண்டு. மாஸ்டர் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அவருடைய சமாச்சாரமெல்லாம் தரையோடு தரையாக, துடைப்பம் வந்து இடிக்கிற உயரத்தில், வெளிச்சம் களைத்துப்போய் வந்து சேரும் கடைசித் தட்டில். அங்கே ஆட்டுப் படம் போட்ட ஒரு சிவப்பு ஒயின் இருக்கிறது. ஆடு என்பது யூகம்தான். நாயாகவும் இருக்கலாம். படம் வரைந்தவருக்கே கடைசிவரை சந்தேகம் தீரவில்லை என்று தெரிகிறது. இரண்டு தடவை முடி வெட்டிக்கொள்ளும் காசுக்கு ஒரு பாட்டில். மாஸ்டரின் தலையில் வெட்டுவதற்கு எதுவும் பாக்கியில்லாததால், அதை ஓசி ஒயின் என்றே அவர் கருதுகிறார்.

"மேல்தட்டுல இருக்கறதை அலமாரிதான் குடிக்குது. கீழ்த்தட்டுல இருக்கறதைத்தான் மனுஷன் குடிக்கறான்" என்பது பில் போடும் பெண்ணிடம் அவர் மாதாமாதம் சொல்லும் வசனம். அவளும் மாதாமாதம் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். பொறுமைசாலி.

மாஸ்டர் என்றால் பாட்டு மாஸ்டரோ சண்டை மாஸ்டரோ இல்லை. பல்செட் செய்பவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி முடியும் இடத்தில், ஒற்றை ஜன்னல் அறை. நீள மேஜை முழுக்க பிளாஸ்டர் தாடைகள், இளஞ்சிவப்பு மெழுகு, ஒரு ஸ்பிரிட் விளக்கு, வாயைத் திறந்து மூடிக்காட்டும் பித்தளைக் கருவி ஒன்று. அவருக்கு ஆட்களை முகத்தால் தெரியாது, ஈறால்தான் தெரியும். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் தெருவில் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. குட்டு உடைந்துவிடும் அல்லவா?

ஆகவே மாஸ்டருக்கு வெளியுலகத்தோடு உள்ள தூதரக உறவு மாதத்தில் ஒரு நாள்தான். முதல் சனிக்கிழமை சாயங்காலம், தையலக்கா வீட்டுச் சாப்பாடு. அவருக்கு அக்கா என்றாலும், ஊருக்கு டெய்லர் அம்மா. அன்று மட்டும் துணி வெட்டும் பெரிய மேஜையில் கத்தரிக்கோலை ஓரங்கட்டிவிட்டு நாலு தட்டு வைப்பார். மேஜை விளிம்பில் அளவு நாடா ஒட்டியிருக்கும். "அக்கா, எனக்கு ஒம்பது இஞ்ச் ரொட்டி போதும், இடுப்புல கொஞ்சம் லூசா விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறவர் பூட்டு ரிப்பேர்க்காரர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மாமனும் மச்சானும் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடாமல் ஒரு ரொட்டித் துண்டைக்கூட விழுங்க மாட்டார்கள். நாலாவது தட்டு மாஸ்டருடையது. ஐந்தாவதாக ஒரு தட்டு இருந்தது. மாஸ்டரின் மனைவி போய் மூன்று வருஷமாகிறது.

அக்கா கோழியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் வைத்து வாட்டுவார். மாமன் ரொட்டி கொண்டுவருவார். மச்சான் பசியைக் கொண்டுவருவார். ஒயின் மாஸ்டரின் இலாகா. இருபது வருஷமாக அந்த இலாகா கைமாறியதில்லை.

அவர் ஒயினை ஊற்றும் விதமே தனி. மத்தியானமே பாட்டிலைத் திறந்து, ஜக்கில் கொட்டி, "அரை மணி நேரம் காத்து வாங்கட்டும்" என்று ஜன்னலோரம் வைப்பார். பிறகு மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றித் தக்கையை அழுத்துவார். மேஜையில் முதல் கிளாஸ் அவருக்கு. மூக்கைக் கிளாசுக்குள் இறக்கிக் கண்ணை மூடுவார். மற்ற மூவரும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதிகளைப்போல் உட்கார்ந்திருப்பார்கள். தீர்ப்பில் பழம், மரம், மலர் என்ற பெரிய வார்த்தைகள் எதுவும் வராது. "மழை விட்ட தெரு" என்பார் ஒரு மாதம். "புதுச் செருப்புப் பெட்டி" என்பார் இன்னொரு மாதம். ஒரே ஆடு, ஒரே விலை. ஆனால் எந்த இரண்டு பாட்டிலும் அவருக்கு ஒன்றாக இருந்ததில்லை. மற்றவர்களும் அவர் சொன்ன பிறகு குடித்துப் பார்த்து, ஆமாம் ஆமாம், செருப்புப் பெட்டியேதான் என்று தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு ஒயினைப் பற்றிய பேச்சே இருக்காது. "விலை கூடின ஒயின் குடிச்சா ஒயினைப் பத்திப் பேசணும். இதைக் குடிச்சா நம்மளைப் பத்திப் பேசலாம்" என்பது மாஸ்டரின் சித்தாந்தம்.

அந்த மூக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மீந்த ஒயினை அவர் கொட்டுவதில்லை. வாயில் துணி கட்டிய ஜாடியில் சேர்த்துப் புளிக்கவைத்து, வடிகட்டி, காலி ஆட்டுப் பாட்டிலிலேயே நிரப்பித் தக்கை போட்டு வைப்பார். அந்த வினிகரில் ஊறவைத்தால் பல்செட்டில் ஒட்டிய பிளாஸ்டர் இளகி உதிரும். ஆக, ஒரே அலமாரியில் ஒரே படம் போட்ட, ஒரே தக்கை போட்ட இரண்டு பாட்டில்கள். ஒன்றில் ஒயின், ஒன்றில் வினிகர். பச்சைக் கண்ணாடி, உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. "ஒரு சீட்டு ஒட்டி வெச்சா என்ன?" என்று மனைவி கேட்டபோது, "சீட்டு மூக்கில்லாதவனுக்கு" என்றார் மாஸ்டர். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பாட்டில் மாறியதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். ஒரு காலை கீழேயிருந்து ஜெராக்ஸ்காரம்மா மூச்சிரைக்க மாடியேறி ஓடிவந்து, "மாஸ்டர்! என்ன தீயுது? தெருவே நாறுது!" என்று கத்திய பிறகுதான், தன் கைக்கு ஒரு சாண் தள்ளி மெழுகுச் சட்டி கருகிப் புகைந்துகொண்டிருப்பதை அவர் கண்ணால் பார்த்தார். மூக்கு தகவல் தரவில்லை. மத்தியானம் வெங்காயத்தைக் கடித்தார். நாக்கும் தகவல் தரவில்லை. டாக்டர் அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஏழு வருஷம் படித்தவர்.

அன்று வீட்டுக்குப் போனதும் மாஸ்டர் முதலில் திறந்தது துணி அலமாரியை. மனைவியின் பழைய ஸ்வெட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. துவைக்காதது. வாசனை சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒரே ஒரு மூச்சு என்று ரேஷன் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். மூன்று வருஷம் அப்படிக் கருமித்தனமாகச் சேர்த்து வைத்ததில், வாசனை தீரவில்லை. மூக்கு தீர்ந்துவிட்டது.

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கலாம். மாஸ்டரின் கணக்கே வேறு. பேச்சில் அவர் கெட்டிக்காரரல்ல. பாட்டு வராது. சீட்டாட்டத்தில் தோற்பதில்கூட ஒரு சுவாரசியம் கிடையாது. அந்த மேஜையில் தனக்கு ஒரு நாற்காலி இருப்பது தன் மூக்குக்காகத்தான் என்று அவர் திடமாக நம்பினார். தையலுக்கு அக்கா இருக்கிறார், பூட்டுக்கு மாமன் இருக்கிறார், மூக்கில்லாத பல்செட்காரனை எதற்குக் கூப்பிட வேண்டும்? மனைவியை இழந்தவனுக்கு அனுதாபம் கிடைக்கும். மூக்கை இழந்தவனுக்கு என்ன கிடைக்கும்?

ஆகவே நடித்தார். மூன்று மாதம், மூன்று சனிக்கிழமை. மூக்கை இறக்கினார், கண்ணை மூடினார், இருபது வருஷத் தீர்ப்புகளிலிருந்து பழையதொன்றை எடுத்துத் தூசி தட்டிச் சொன்னார். வாயில் ஒயின் வெதுவெதுப்பான தண்ணீராக உருண்டது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. தலைவர்கள் பல காலமாக இந்த முறையில்தான் பேசிவருகிறார்கள் என்பதால் இதில் அதிசயமும் இல்லை.

நாலாவது மாதச் சனிக்கிழமை அப்படியொரு தலைவராலேயே வினை வந்தது. சாயங்காலம் மேடையேற வேண்டிய பேச்சாளர் ஒருவருக்கு முன்பல் இரண்டும் பல்செட்டிலிருந்து பெயர்ந்துவிட்டன. அவருடைய ஆள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "ஐயாவுக்கு வாயத் தொறந்தா காத்துதான் வருது மாஸ்டர், சீக்கிரம்" என்று பறந்தார். முன்பும் அதுதானே வந்தது என்று மாஸ்டர் கேட்கவில்லை, தொழில் தர்மம். பல்லை ஒட்டிக் கொடுத்து, கையைக் கழுவி, நேரமாகிவிட்ட பதற்றத்தில் அலமாரியைத் திறந்து ஆட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மேஜையில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஊற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார்.

"பென்சில் சீவின தூள்" என்றார். அப்புறம் சட்டென்று நிறுத்தினார். தொண்டையில் ஏதோ உரசியது. லேசாக, ஒரு நகக்கீறல்போல. நாலு மாதத்தில் ஒயின் அவருக்கு அனுப்பிய முதல் சேதி அது. இன்னொரு பெரிய வாய் குடித்தார். மறுபடி உரசியது. வருகிறது! "வரலாம்" என்று டாக்டர் சொன்னாரே, அது வருகிறது! "குடிங்க, குடிங்க, இன்னைக்குத்தான் விசேஷம்" என்றார்.

மூவரும் குடித்தார்கள்.

அந்த மேஜையில் அப்படியொரு மௌனம் அதற்கு முன்னால் ஒரே தடவைதான் விழுந்திருக்கிறது. ஐந்தாவது தட்டு இல்லாத முதல் சனிக்கிழமை.

"யோவ் மாஸ்டர், என்னய்யா இது..." என்று ஆரம்பித்தார் பூட்டுக்கார மாமன். மாஸ்டர் அப்போது மூன்றாவது வாயை நாக்கில் உருட்டி, முகமெல்லாம் மலர, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் யாருடைய காலோ யாரையோ இடித்தது. தட்டுகள் ஒருமுறை அதிர்ந்தன. மாமன் எச்சில் விழுங்கினார். "என்னய்யா இது, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மாஸ்டர். பஸ்காரரைப் பார்த்தார். "என்ன தம்பி, கண்ணு கலங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்." தம்பிக்குக் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "நல்ல ஒயின் குடிச்சா எனக்கு இப்படித்தான். மனசு இளகிடும்."

"உனக்கு மனசு இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் மச்சான்" என்றார் மாமன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அக்கா கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு காலிக் கிளாசை மாஸ்டர் பக்கம் நீட்டினார். "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இருபது வருஷத்தில் அக்கா இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை. மாஸ்டர் ஊற்றினார். பாட்டில் காலியாகும்வரை நால்வரும் குடித்தார்கள். அன்று இரவு அவர் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவருக்குச் சீட்டியும் வராது என்பது வேறு விஷயம்.

ஞாயிறு காலை ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். வெறும் கம்பளி. சரி, அவசரப்படக் கூடாது, முதலில் தொண்டை, அப்புறம் நாக்கு, மூக்கு கடைசியில்தான் வரும் என்று தனக்குத் தானே ஒரு மருத்துவ சாஸ்திரம் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு கீழ்ப்பல் செட்டைக் கிண்ணத்தில் போட்டு, அலமாரியிலிருந்த வினிகரை ஊற்றி ஊறவைத்தார். மத்தியானம் எடுத்துச் சுரண்டினால் பிளாஸ்டர் கல்லுமாதிரி அப்படியே இருக்கிறது. கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. விரலால் தொட்டு நக்கினார். ஒன்றுமில்லை. கையில் சொட்டச் சொட்ட ஒருவருடைய கீழ்த்தாடையைப் பிடித்தபடி மாஸ்டர் வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

"கொஞ்சம் இதை மோந்து பார்த்துச் சொல்லுங்க."

ஜெராக்ஸ்காரம்மா மிஷினிலிருந்து கையை எடுக்காமலே குனிந்து முகர்ந்தார். "என்ன மாஸ்டர், பட்டப்பகல்ல ஒயினா? நல்லா வாசனையாத்தான் இருக்கு. ஏன், கெட்டுப்போச்சான்னு சந்தேகமா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு மாஸ்டர். பழம் மாதிரி."

மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார். பித்தளைக் கருவியில் ஒரு தாடை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதை மூடி வைத்தார்.

ஒயின் இங்கே இருக்கிறது என்றால் அங்கே போனது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். தொண்டையில் உரசியதும் திரும்பி வந்துகொண்டிருந்த ருசி அல்ல. பல்செட்டில் ஒட்டிய பிளாஸ்டரையே இளக்கும் சரக்கு தொண்டையைச் சும்மா விடுமா? ஒரு பாட்டில். நாலு பேர். பஸ்காரத் தம்பியின் மனசு ஏன் இளகியது, மேஜை ஏன் அதிர்ந்தது, அக்கா ஏன் கிளாசை இரண்டு கையாலும் பிடித்தார், எல்லாம் ஒவ்வொன்றாக மாடிப்படியேறி வந்து எதிரே நின்றன. எல்லாவற்றையும்விட மாமன். சூப்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் ஒரு மாதம் சொல்லிக்காட்டுகிற மனுஷன், முழுசாக ஒரு கிளாஸ் வினிகரைக் குடித்துவிட்டு ஒரு கேலிகூடச் செய்யவில்லை.

ஆக, அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிஷமே மூவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

மாஸ்டருக்கு இதில் எதற்காக வருத்தப்படுவது என்று புரியவில்லை. அவமானம் ஒரு பக்கம் பிடுங்கியது. இன்னொரு பக்கம், அவருடைய கணக்கே உதைத்தது. மூக்குக்காகத்தான் நாற்காலி என்றால், மூக்கு போனது தெரிந்த பிறகும் அக்கா எதற்கு இரண்டாவது கிளாசை நீட்டினார்? இருபது வருஷமாகத் தப்பாகப் போட்ட கணக்கை அறுபத்தோரு வயதில் அழித்துப் போடுவது லேசான காரியமல்ல. அன்று அவர் செய்த மேல்பல் செட்டில் கோரைப்பல் இரண்டும் இடம் மாறியிருந்தன.

புதன்கிழமை அக்கா போனில் கூப்பிட்டார்.

"மாஸ்டர், அடுத்த மாசச் சாப்பாட்டுக்கு அதே பாட்டில்தானே கொண்டு வருவீங்க?"

"எதுக்குக்கா?"

"அதே பாட்டிலே கொண்டு வாங்க. நல்லா இருந்துச்சு." கொஞ்ச நேரம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. "வராம மட்டும் இருந்துடாதீங்க."

வராமல் இருப்பதைப் பற்றித்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று சொல்லலாமா, வெளியூர் என்று சொல்லலாமா என்று பார்த்து, கடைசியில் பல்வலி என்ற முடிவுக்கு வந்திருந்தார். பல்செட் செய்கிறவனுக்குப் பல்வலி என்றால் மாமன் இந்த ஜென்மம் முழுக்க அதை வைத்தே பிழைத்துக்கொள்வார். மூன்று வாரம் அந்தப் பல்வலியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அந்த மூன்று வாரத்துக்குள் வினிகர் பாட்டிலில் ஒரு சீட்டும் ஒட்டினார். பெரிய எழுத்தில், பிளாஸ்டர் அப்பிய விரலால் அழுத்தி.

முதல் சனிக்கிழமை வந்தது. கடைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து புது ஆட்டை வாங்கினார். ஜெராக்ஸ்காரம்மாவிடம் காட்டி, "ஒயின்தான் மாஸ்டர், சத்தியமா ஒயின்தான்" என்ற வாக்குமூலம் வாங்கிக்கொண்டார். பல்வலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

மூவரும் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக மாமன்தான் எல்லோருக்கும் பிந்தி வருவார். கோழி தயாராக இருந்தது. "வாய்யா, வா" என்றார் மாமன், தேவைக்கு மேல் சத்தமாக. "போன தடவை குடிச்ச ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகல. சீக்கிரம் ஊத்து."

மாஸ்டர் ஊற்றினார். ஊற்றும்போதுதான் கவனித்தார். எப்போதும் மேஜை நடுவில் ஒரு ஜக் தண்ணீர்தான் இருக்கும். இன்று மூவருடைய தட்டுக்குப் பக்கத்திலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பெரிய தம்ளர் ஒன்று தயாராக நின்றது. தம்பியின் இடது கை இப்போதே அதைச் சுற்றி வளைத்திருந்தது. மாமன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார். அக்கா முதுகை நிமிர்த்தி, கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தார். தீர்ப்புக்காக.

மாஸ்டர் தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தார். எழுந்து, மாமனின் தண்ணீர்த் தம்ளரையும் அக்காவின் தண்ணீர்த் தம்ளரையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி மூன்றாவது தம்ளரையும் எடுத்துப் போனார். அதையும் கொட்டி, மூன்றையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு தன் நாற்காலிக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று முகங்களையும் ஒன்று விடாமல் பார்த்தபடி, அவர்கள் முதல் வாய் குடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.